வீட்டில் கார் சார்ஜர், ஸ்மார்ட் சாதனங்கள்: சாமான் வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டியதும் எல்லாரும் முதலில் தேடுவது எந்த பிராண்ட் சார்ஜர் நல்லது என்பதைத்தான். புது வீட்டுச் சாவி கைக்கு வந்தவர்கள் எந்த ஸ்மார்ட் சுவிட்ச் நல்லது என்று தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், சாதனத்தைக் கடைசியில் வாங்குங்கள். வீட்டு வயரிங் எப்படி இருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், யார் கையெழுத்துப் போடுவார்கள் என்ற மூன்றும் தெரிந்தபின் எந்தச் சாதனம் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

மாமனார் வீட்டில் கார் சார்ஜர், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச், பூட்டு, கேமரா என்று இரண்டையும் ஒரே வருடத்தில் செய்து முடித்தோம். மாமனாருடையது தரைவீடு. சுவரில் மாட்டும் வேலை சுலபமாக முடிந்துவிட்டது. அலைச்சல் எல்லாம் அதற்கு முன்னால்தான். கடைக்காரர் ஒன்று சொல்வார், பொருத்த வரும் குத்தகையாளர் வேறொன்று சொல்வார், விலைப்பட்டியலில் பாதி விஷயம் இருக்காது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் வீடு எந்த வகை என்று பாருங்கள்

வீவக வீடு என்றால் சொந்த சார்ஜர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கார் நிறுத்துமிடம் உங்களுடையது அல்ல. அங்கே சார்ஜர் பொருத்தும் வேலையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் துணை நிறுவனம் ஒன்று கவனிக்கிறது, சார்ஜிங் நிறுவனங்கள் அதை இயக்குகின்றன. கார் வாங்குவதற்கு முன்பே உங்கள் புளோக்கின் நிறுத்துமிடத்துக்கு இரவு ஒன்பது, பத்து மணிக்குப் போய் எத்தனை சார்ஜர் இருக்கிறது, எத்தனை காலியாக இருக்கிறது என்று பாருங்கள். பகலில் போய்ப் பார்த்துப் பயனில்லை. தரைத்தளத்தில் வீடு இருக்கிறது, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மணிக்கணக்கில் அதிக மின்சாரம் ஓடினால் அந்த வயர் உருகும்.

கொண்டோ என்ற தனியார் அடுக்குமாடி என்றால், வீட்டு உரிமையாளர்கள் சார்பில் அதைக் கவனிக்கும் நிர்வாக மன்றத்தைக் கேட்க வேண்டும். இதற்குத் தனியாக எட்டாம் படி இருக்கிறது.

தரைவீடு என்றால் முடிவு உங்கள் கையில். ஆனால் இங்கே ஒரு பொறி. கிளஸ்டர் வீடுகள் பார்க்கத் தரைவீடு போலவே இருக்கும். வாசலில் கார் நிற்கும், மேலே சொந்தக் கூரை இருக்கும். சட்டப்படி அவையும் நிர்வாக மன்றத்தின் கீழ் வருபவை. உங்களுடையது அந்த வகையா என்று தெரியாவிட்டால், மாதம் மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறீர்களா என்று பாருங்கள். கட்டினால் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது சார்ஜர் யாருக்கு, சுவரை யார் சரிசெய்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த "ஓகே" முன்பணம் திரும்பக் கேட்கும் நேரத்தில் போதாது.

2. மின்பகிர்வுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

டிபி பெட்டி என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தால் மெயின் சுவிட்ச் தெரியும். அதன் மேல் 40 ஆம்பியர், 63 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். படம் எடுத்து வையுங்கள். பின்னால் எல்லாரும் கேட்கப்போவது இந்தப் படத்தைத்தான். மூடியைத் தாண்டி உள்ளே எதையும் கழற்ற வேண்டாம்.

இங்கே ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு 230 வோல்ட், மூன்று கட்டம் (த்ரீ ஃபேஸ்) 400 வோல்ட். ஒற்றைக் கட்டத்தில் 40 ஆம்பியர் என்றால் சுமார் 9 கிலோவாட், 63 ஆம்பியர் என்றால் 14 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். மூன்று கட்டத்தில் 63 ஆம்பியர் இருந்தால் 43 கிலோவாட் அளவுக்கு வரும். அப்படி இருந்தால் வீட்டு சார்ஜருக்கு வேறு கவலையே இல்லை.

சிக்கல் ஒற்றைக் கட்ட இணைப்பு உள்ள வீடுகளில்தான். மாமனார் வீடும் அப்படித்தான், 63 ஆம்பியர். சாதாரண வீட்டு சார்ஜர் ஒன்று 32 ஆம்பியர் இழுக்கும். மாலையில் இரண்டு குளியலறைகளில் உடனடி வெந்நீர்க் கருவி ஓடினால் அவை ஒவ்வொன்றும் 14 ஆம்பியர் அளவில் எடுக்கும். கூட்டினால் 60. அதற்கு மேல் மூன்று அறை ஏர்கான், இண்டக்‌ஷன் அடுப்பு. மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகிவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இணைப்பின் அளவைக் கூட்டுவது. இதற்கான விண்ணப்பத்தை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் எஸ்பி குழுமத்துக்கு அனுப்புவார். தெருவிலிருந்து வரும் கேபிளை மாற்ற வேண்டியிருந்தால் வாரங்கள் மாதங்களாகும், தரையைத் தோண்டும் செலவும் சேரும். இன்னொன்று, சுமை மேலாண்மை வசதியுள்ள சார்ஜர். மெயின் கேபிளைச் சுற்றி ஒரு சின்ன உணரியை மாட்டுவார்கள். வீடு மொத்தமாக எவ்வளவு இழுக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வெந்நீர்க் கருவி ஓடும்போது காருக்குப் போவதைக் குறைக்கும், எல்லாரும் தூங்கியபின் கூட்டும். பெரும்பாலான தரைவீடுகளுக்கு இதுவே போதும். இணைப்பைக் கூட்டியே ஆக வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால் இன்னொரு மின்பணியாளரையும் கேட்டுப் பாருங்கள்.

பெட்டியைத் திறந்திருக்கும்போதே ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். 'டெஸ்ட்' பொத்தான் உள்ள சுவிட்ச் அது. மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. 1985 ஜூலைக்கு முன் கட்டிய பழைய வீடுகள் சிலவற்றில் அது இருக்காது. எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்த கெடு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இல்லை என்றால் சார்ஜரை மறந்துவிட்டு முதலில் இதைப் பொருத்துங்கள்.

3. எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

வீட்டு சார்ஜர்கள் பொதுவாக மூன்று அளவுகளில் வரும். 7.4 கிலோவாட் ஒற்றைக் கட்டத்துக்கு. 11, 22 கிலோவாட் இரண்டும் மூன்று கட்டத்துக்கு. விற்பவர்கள் "எதிர்காலத்துக்கு உதவும்" என்று 22-ஐக் காட்டுவார்கள். ஆனால் காருக்குள்ளேயே ஒரு சார்ஜர் இருக்கிறது, அதன் அளவைத் தாண்டிக் கார் எடுத்துக்கொள்ளாது. பல கார்களில் அது 7 கிலோவாட் அளவில் இருக்கும், இல்லையென்றால் 11. காரின் விவரத் தாளில் ஏசி சார்ஜிங் (வீட்டில் வரும் மாறுமின்னில் சார்ஜ் ஆவது) என்ற வரியைப் பாருங்கள். அங்கே 7 என்று இருந்தால் 22 கிலோவாட் பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

தேவையும் நாம் நினைப்பதைவிடக் குறைவுதான். ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கு வேலைக்குப் போய்வந்து, மாலையில் பிள்ளைகளை டியூஷனில் விட்டுவந்தால்கூட ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு சுமார் 8 யூனிட் மின்சாரம். 7.4 கிலோவாட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு முழுவதும், எட்டு மணி நேரம் செருகி வைத்தால் 59 யூனிட். பல கார்களின் பேட்டரி கிட்டத்தட்ட நிறைந்துவிடும். வீட்டில் மூன்று கட்ட இணைப்பு ஏற்கெனவே இருந்து, காரும் 11 எடுக்கும் என்றால் 11 வாங்குங்கள். மற்றவர்களுக்கு 7.4 தாராளம்.

சொந்த சார்ஜர் தேவையே இல்லாதவர்களும் உண்டு. வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு வரியோடு 30 காசு அளவில் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் மாறும். பொது இடங்களில் மெதுவான சார்ஜரிலேயே 50 காசைத் தாண்டுகிறது. யூனிட்டுக்கு 25 காசு மிச்சம் என்று வைத்தால், தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மாதம் 60 வெள்ளி மிஞ்சும். சார்ஜருக்கும் வேலைக்கும் 3,000 வெள்ளி செலவானால் திரும்பிவர நான்கு வருடத்துக்கு மேல். வார இறுதியில் மட்டும் கார் எடுப்பவருக்கு அது பத்து வருடத்தையும் தாண்டும், அதாவது காரின் பத்து வருட உரிமைச் சான்றிதழே முடிந்துவிடும். அவர்கள் பக்கத்துக் கடைத்தொகுதியில் சார்ஜ் செய்துகொள்வதே நல்லது.

4. உரிமம் பெற்ற மின்பணியாளரைப் பிடியுங்கள்

முழு வேலையிலும் முக்கியமான முடிவு இதுதான். மின்பணியாளர் உரிமத்தை எரிசக்திச் சந்தை ஆணையம் கொடுக்கிறது. ஆணையத்தின் இணையவாசலில் பெயரையோ உரிம எண்ணையோ போட்டுத் தேடிப் பார்க்கலாம். உரிமத்தில் மூன்று தரம் உண்டு. அடிப்படைத் தரத்தில் உள்ளவர் 45 கேவிஏ (கிட்டத்தட்ட கிலோவாட் போன்ற அளவு) வரை செய்யலாம். சாதாரண வீட்டுக்கு அது போதும். பெரிய இணைப்புகளுக்கும் கொண்டோவின் பொது மின்சாரத்துக்கும் மேல்தரத்தில் உள்ளவர் வேண்டும்.

சார்ஜர் விற்கும் கடைகள் "பொருத்தித் தருவதும் சேர்த்து" என்று விளம்பரம் செய்யும். யார் வந்து பொருத்துகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார் என்று கேளுங்கள். எங்களிடம் வந்த ஒரு நிறுவனம் இந்தக் கேள்விக்கு முதலில் பதிலே சொல்லவில்லை. "எங்கள் ஆள் வருவார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உரிம எண் வேண்டும் என்று அழுத்திக் கேட்டதும் பேச்சு நின்றுபோனது. வேலை தொடங்கும் முன்பே அது தெரிந்ததில் எங்களுக்கு நிம்மதிதான். உரிம எண்ணைக் கொடுக்கத் தயங்குபவரிடம் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

நேரில் வந்து பார்க்காமல் விலை சொல்பவரையும் விட்டுவிடுங்கள். டிபி பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் வரை கேபிள் எப்படிப் போகும் என்று நடந்து பார்த்தால்தான் சரியான விலை வரும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் நல்ல மின்பணியாளர்கள் கிடைப்பது கஷ்டம், எல்லாரும் வீடு புதுப்பிக்கும் காலம் அது. கார் கைக்கு வரும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே ஆளைத் தேட ஆரம்பியுங்கள்.

5. விலைப்பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்

எங்களுக்கு வந்த விலைப்பட்டியல்கள் 2,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலிருந்து 4,000 வரை இருந்தன. ஒரே வீடு, ஒரே இடம். குறைந்த விலை சொன்னவர்கள் சிலவற்றை எழுதாமல் விட்டிருந்தார்கள், அதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். கீழே உள்ளவை பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சார்ஜரின் பெயர், மாடல் எண், உத்தரவாதக் காலம். கேபிளின் தடிமன், நீளம், இத்தனை மீட்டருக்கு மேல் போனால் மீட்டருக்கு எவ்வளவு என்பது. 32 ஆம்பியர் சார்ஜருக்குப் பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடுவார்கள். தூரம் அதிகம் என்றால் 10. "கேபிள்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். சார்ஜருக்கென்று தனி எம்சிபி (மின்சாரம் அளவை மீறினால் விழும் சுவிட்ச்), தனி ஆர்சிசிபி. சாதாரண ஆர்சிசிபி நேர்மின் (டிசி) கசிவைப் பிடிக்காது. அதனால் சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்க வேண்டும், அல்லது அதையும் பிடிக்கும் டைப் பி ஆர்சிசிபி போட வேண்டும். எது இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். டிபி பெட்டியில் இடம் இல்லை என்றால் புதுப் பெட்டிக்கு எவ்வளவு. நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியைச் சோதிக்கும் செலவு, பழுதாக இருந்தால் புதுக் கம்பியின் விலை. கடைசியாக, சோதனைச் சான்றிதழும் பதிவு வேலையும் விலையில் அடக்கமா என்பது. இந்தக் கடைசி வரி இல்லாத பட்டியலில்தான் பிறகு சில நூறு வெள்ளி கூடுகிறது.

6. சார்ஜரை இப்போது வாங்குங்கள்

மின்வாகன சார்ஜர்களுக்கென்று தனிச் சட்டம் 2023 டிசம்பர் 8 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி நிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் கொடுத்த மாடல்களை மட்டுமே இங்கே விற்கலாம், பொருத்தலாம். ஒப்புதல் பெற்ற சார்ஜரில் அதற்கான ஒட்டுவில்லை இருக்கும். கையில் தூக்கிப்போகும் சார்ஜருக்கும் இதே சட்டம்தான்.

வெளிநாட்டு இணையக் கடையில் பாதி விலைக்கு அதே பிராண்ட் கிடைக்கும். ஆசை வரத்தான் செய்யும். பிராண்ட் ஒன்றாக இருந்தாலும் ஒப்புதல் மாடலுக்குத்தான். ஒட்டுவில்லை இல்லாததை நேர்மையான மின்பணியாளர் தொடமாட்டார், பதிவும் செய்ய முடியாது. வாங்கியது அலமாரியில்தான் கிடக்கும். இங்கே காருக்கான ஏசி இணைப்பு டைப் 2 வகை. வேறு நாட்டிலிருந்து வரும் சார்ஜரின் முனை செருகாமலே போகலாம்.

கேபிள் பொருந்திய சார்ஜரா, தனிக் கேபிளைச் செருகும் வகையா என்றும் யோசியுங்கள். தினம் ஓட்டுபவருக்குப் பொருந்திய கேபிளே வசதி. நீளம் 5 மீட்டரா 7 மீட்டரா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள். சில கார்களுக்குச் செருகுமிடம் முன்பக்கம், சிலவற்றுக்குப் பின்பக்கச் சக்கரத்துக்கு மேல். காரை முன்னால் விட்டும் பின்னால் விட்டும் நிறுத்தி, டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

7. பொருத்தும் நாள், பதிவு, காகிதங்கள்

பொருத்த ஒரு பகல் போதும். சில மணி நேரம் வீட்டில் மின்சாரம் இருக்காது, குளிர்பெட்டியில் மீன், இறைச்சி இருந்தால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சார்ஜரை நேரடி வெயிலும் மழைச்சாரலும் படாத சுவரில், தோள் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். வெளியே வைப்பதற்கு ஏற்ற ஐபி55 போன்ற தரம் (தூசியும் நீரும் புகாமல் தாங்கும் அளவு) இருந்தாலும், நம் ஊர் மழை பக்கவாட்டில் அடிக்கும். கேபிள் நுழையும் ஓட்டைகளை நன்றாக அடைக்கச் சொல்லுங்கள். பல்லியும் எறும்பும் அந்தச் சூட்டைத் தேடி உள்ளே போய்க் குடியேறும், சார்ஜர் நின்றுபோக அதுவே காரணமாகிவிடும்.

வேலை முடிந்ததும் மின்பணியாளர் சோதித்துச் சான்றிதழ் தருவார். அதற்குப் பிறகு சார்ஜரை நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் குறி வந்ததும் அதை சார்ஜரில் ஒட்ட வேண்டும். பதிவு முடியும்வரை பயன்படுத்தக் கூடாது. பொருத்திய அன்றே கார் செருக முடியாமல் போகலாம் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். பதிவு செய்தாகிவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் உங்கள் பெயருக்கு வர வேண்டும். கடைசித் தவணையை அதைப் பார்த்தபின் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். காகித வேலை இழுத்துக்கொண்டே போனபோது அந்தத் தவணைதான் அவர்களை நகர்த்தியது.

ஒரு கோப்பில் இவற்றை வையுங்கள்: விலைப்பட்டியல், ரசீது, மாடலின் ஒப்புதல் விவரம், மின்பணியாளரின் உரிம நகல், சோதனைச் சான்றிதழ், பதிவு மின்னஞ்சல், பொருத்தும்போது சுவருக்குள் கேபிள் எப்படிப் போகிறது என்று எடுத்த படங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

8. கொண்டோவில் இருப்பவர்களுக்கு

பெரும்பாலான கொண்டோக்களில் நிறுத்துமிடங்கள் பொதுச் சொத்து, யாருக்கும் சொந்த இடம் கிடையாது. அதனால் "எனக்கு ஒரு சார்ஜர்" என்று கேட்டால் நடக்காது. "எல்லாருக்கும் பொதுவாக நான்கு சார்ஜர்" என்று கேட்டால் நடக்க வாய்ப்பு உண்டு. சார்ஜிங் நிறுவனங்களே தங்கள் செலவில் பொருத்தி, பயன்படுத்துபவரிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. அப்படி என்றால் நிர்வாக மன்றத்தின் கையிருப்பில் பெரிதாகக் கைவைக்க வேண்டியதில்லை.

முன்பு இதற்கு உரிமையாளர்களின் 90 விழுக்காட்டு ஆதரவு தேவைப்பட்ட சூழல்கள் இருந்தன. ஆறாம் படியில் சொன்ன புதிய சட்டத்தோடு அந்த வரம்பு 50 விழுக்காடாகக் குறைந்தது, ஒப்பந்தக் காலம் போன்ற சில நிபந்தனைகளோடு. நிர்வாகியிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், பழைய விதியையே இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் நிகழ்ச்சி நிரலில் ஏறும். தவறவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். மின்சாரக் கார் வைத்திருக்கும் மற்ற குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள், தனி ஆளாகப் போகாதீர்கள்.

புதிதாகக் கட்டும் கொண்டோ வாங்குபவர்களுக்கு வேலை குறைவு. புதிய கட்டடங்களில் குறைந்தது 15 விழுக்காட்டு இடங்களுக்குப் போதுமான மின்திறன் இருக்க வேண்டும், 1 விழுக்காட்டில் சார்ஜர் பொருத்தியே தர வேண்டும் என்பது விதி.

9. ஸ்மார்ட் சுவிட்ச்: முதலில் நியூட்ரல் வயர்

இனி வீட்டுக்குள்ளே. ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சுவிட்சுக்குப் பின்னால் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) வருகிறதா? வீவக வீடுகளில் பெரும்பாலும் வராது. விளக்குக்கு நேராகப் போகும் நியூட்ரல், சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு இறங்காது. ஸ்மார்ட் சுவிட்ச் எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நியூட்ரல் இருந்தால் அந்த ஓட்டம் அதன் வழியே போகும். இல்லையென்றால் விளக்கின் வழியாகப் போகும். அதனால்தான் அணைத்த எல்இடி விளக்கு மங்கலாக எரிவதும் மினுக்குவதும்.

வீடு புதுப்பிக்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் நியூட்ரல் இறக்கச் சொல்லுங்கள். அப்போது அது கூடுதல் வயர் செலவு மட்டுமே. குடிவந்தபின் என்றால் சுவரை வெட்ட வேண்டும், வீவக வீட்டில் சத்தம் வரும் வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பகல் தூக்கம் வேறு. ஏற்கெனவே குடியிருப்பவர்கள் நியூட்ரல் தேவைப்படாத ஜிக்பீ (வைஃபை போன்ற ஒரு கம்பியில்லா இணைப்பு) வகை சுவிட்ச் வாங்குங்கள். விளக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு சின்ன கெபாசிட்டர் கூடவே வரும், அதைத் தூக்கிப் போடாதீர்கள், மினுக்குவதை நிறுத்துவது அதுதான். ஒரு சுவிட்சை மட்டும் முதலில் வாங்கி ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள்.

சுவருக்குள் இருக்கும் பெட்டியின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். ஸ்மார்ட் சுவிட்சின் முதுகு தடிமனானது, ஆழம் போதாவிட்டால் சுவரோடு ஒட்டி உட்காராது.

வெந்நீர்க் கருவிக்கு ஸ்மார்ட் சுவிட்ச் வைப்பதாக இருந்தால் 20 ஆம்பியர், இரட்டை முனை (டபுள் போல்) என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். விளக்கு சுவிட்சை அங்கே போடுவது தீயை வீட்டுக்குள் கூப்பிடுவது. 13 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக், அடாப்டர் போன்றவை வாங்கும்போது பாதுகாப்பு முத்திரையும் அதன் 8 இலக்க எண்ணும் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

புகை உணரி பொருத்துபவர்களுக்கு ஒரு சொல்: பூஜை அறைக்கும் அடுப்புக்கும் நேர் மேலே வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குக் கத்த ஆரம்பித்தால் யாராவது எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள், பிறகு உண்மையான தீக்கு அது கத்தாது.

10. பூட்டும் கேமராவும்

மின்னணுப் பூட்டு வாங்குவதற்கு முன் உங்கள் முன்கதவு தீ தாங்கும் கதவா என்று பாருங்கள். மின்தூக்கிக்கோ மாடிப்படிக்கோ அருகில் உள்ள பல வீடுகளுக்கு அப்படித்தான் இருக்கும். கதவின் விளிம்பில் முத்திரை ஒட்டியிருக்கும். அந்தக் கதவில் சாதாரணப் பூட்டுக்காக ஓட்டை போட்டால் கதவின் தீத் தடுப்புத் தன்மை போய்விடும். தீ தாங்கும் கதவுக்கென்று சான்றிதழ் பெற்ற பூட்டு வேண்டும், சான்றிதழின் நகலைக் கடையில் கேட்டு வாங்குங்கள். வயதான அப்பா அம்மா இருக்கும் வீட்டில் கைரேகையை மட்டும் நம்ப வேண்டாம். வேலை செய்து தேய்ந்த விரல்களைப் பல பூட்டுகள் படிப்பதில்லை. அட்டையோ சாவியோ சேர்ந்து உள்ளதை வாங்குங்கள். பேட்டரி தீர்ந்துவிட்டால் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியை வைத்துத் திறக்கும் முனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடைபாதையைப் பார்க்கும் கேமராவுக்கு வீவக வீடுகளில் 2023 முதல் முன் அனுமதி தேவையில்லை, அண்டை வீட்டாரின் கதவையோ ஜன்னலையோ நேராகப் பார்க்காத வரையில். மாட்டும் முன் எதிர்வீட்டாரைக் கூப்பிட்டு, கைபேசியில் காட்சியைக் காட்டிவிடுங்கள். "பாருங்க அக்கா, எங்க வாசல் மட்டும்தான் தெரியுது" என்று சொன்னால் பிறகு நகர மன்றத்துக்குப் புகார் போகாது. வீட்டுக்குள் கேமரா வைத்தால் பணிப்பெண்ணிடம் எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் தூங்கும், உடை மாற்றும், குளிக்கும் இடங்களில் கேமரா கூடவே கூடாது.

2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீட்டுக் கேமராக்களின் காட்சிகள் இணையத்தில் கசிந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே மாதம்தான் இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரைத் திட்டமும் தொடங்கியது. வைஃபை ரவுட்டர், கேமரா, பூட்டு போன்றவற்றுக்கு நான்கு நிலைகளில் முத்திரை தருகிறார்கள். கேமராவுக்கும் பூட்டுக்கும் முத்திரை உள்ளதையே வாங்குங்கள், விளக்குக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. வாங்கியதும் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

11. வைஃபை எங்கே வைப்பது

ரவுட்டரைப் பார்க்க அழகாக இல்லை என்று வீட்டுப் புகலிடத்துக்குள் (குண்டுவீச்சு போன்ற ஆபத்தில் ஒதுங்கும் அறை) வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. அலை வெளியே வராது, பிறகு ஒவ்வொரு சாதனமும் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்று சாதனத்தைத் திட்டுகிறார்கள். புகலிடச் சுவரைத் துளைத்துக் கேபிள் விடுவதும் விதிப்படி செய்யக்கூடிய வேலை அல்ல. வரவேற்பறையில் திறந்த அலமாரியில் வையுங்கள். ஸ்மார்ட் சாதனங்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும், இணைக்கும் நேரத்தில் கைபேசியையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தரைவீட்டில் கார் நிற்கும் இடம் வரை வைஃபை எட்டுகிறதா என்று சார்ஜர் இடத்தை முடிவு செய்யும் முன்பே கைபேசியால் சோதியுங்கள். எட்டாவிட்டால் மின்கேபிளோடு சேர்த்து ஒரு நெட்வொர்க் கேபிளையும் அதே நாளில் இழுக்கச் சொல்லுங்கள்.

12. வீடு மாறும்போது

சார்ஜரைக் கழற்றினாலும், வீட்டோடு விற்றாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் மாற்றம் செய்ய வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் சார்ஜர் அடக்கமா இல்லையா என்று எழுதுங்கள். பூட்டு, கேமரா, சுவிட்ச் எல்லாவற்றையும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, அதன் பிறகே சாவியைக் கொடுங்கள். பழைய வீடு வாங்குபவர்கள் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து செய்ய வேண்டும்: முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பூட்டிலும் கேமராவிலும் அவருடைய கணக்கு இன்னும் இருக்கலாம், குடிபோகும் அன்றே அழித்துவிடுங்கள்.